சாரல் மாதத்து யோசனை

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன் மாதத்தில்தான் கல்லூரிச் சேர்க்கையும் சூடுபிடிக்கும். தென்காசிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அப்போது யோசனைக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடையில் ஒரு மாமா, "கம்ப்யூட்டர் எடுலே" என்பார். கல்யாண வீட்டில் ஒரு சித்தி, "நர்சிங்தான் நல்லது" என்பாள். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கத்தான் ஆளிருக்காது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பெயர்ப் பலகையை முழுதாகப் படித்தால், 'தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்றும் இருக்கும். நாமோ பதியவும் புதுப்பிக்கவும் மட்டுமே அங்கே போகிறோம். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சி நடக்கிறது. 14417 என்ற எண்ணிலும் கேட்கலாம், காசு கிடையாது.

ஆலோசகரைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு மார்க் ஷீட் மட்டும் போதாது. விரும்பிப் படித்த பாடம், முட்டி மோதிய பாடம், வீட்டில் கட்ட முடிகிற ஃபீஸ் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். ஆலோசகருக்கு அந்தத் தாள்தான் உதவும்.

அதற்கு முன் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் வருடத் தாள்களை ஒரு பார்வை பார்த்துவிடலாம். மனசைப் படிக்கலாம் என்று உளவியலுக்கு ஆசைப்படும் பலருக்கு, அதில் புள்ளியியலும் உண்டு என்பது சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, பாவம்!

பட்டமே வேண்டாம் என்று பிளஸ் டூவோடு ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறவர்களும் உண்டு. அது இருக்கும் மத்தளம்பாறை நமக்குப் பக்கத்தில்தானே. அதையும் விசாரித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.