மயிலும் மரவள்ளியும்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு இலங்கை மக்கள் அனைவரும் ஐந்து நிமிட நேரம் தத்தம் வளவையும் வயலையும் நோக்கி நின்று, ஆங்குத் தென்படும் குரங்கு, மந்தி, மலையணில், மயில் ஆகியவற்றை எண்ணித் தருமாறு அரசு கேட்டுக்கொண்டது. பயிருக்கு அழிவு செய்யும் விலங்குகளின் தொகையை அறிவதே நோக்கம். ஐந்து நிமிடக் கணக்கு எத்துணை நம்பத்தக்கது என்று சிலர் வினவினர், நகைத்தவர்களும் உளர். அவ்வாராய்ச்சி நமக்கு இங்கு வேண்டுவதில்லை. ஒரே மயில் ஒரு வளவில் கண்ணுக்கு விருந்தாகவும், வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் நட்டக் கணக்காகவும் எண்ணப்பட்டிருக்கும் என்பதே நம் சிந்தனைக்குரியது. வீடு தேடிவரும் காட்டுயிரைக் கண்டு மகிழ்தல் குற்றமற்ற இன்பமா? அன்றி, இழப்பின் சுமை தன்மேல் விழாதவன் துய்க்கும் சலுகையா?

அம்மகிழ்ச்சி பொய்யானதன்று என்பதை முதலிற் கூறிவிடவேண்டும். யாழ்ப்பாணத்து வேலியடியில் செண்பகம் சருகைக் கிளறி நடக்கிறது. கிணற்றடியில் கீரியொன்று குட்டிகளுடன் ஓடி மறைகிறது. கண்டிப் பக்கத்து வளவுகளிலோ பலாவும் தென்னையும் கராம்பும் மிளகும் அடுக்கடுக்காக வளர்ந்து சிறு காடு போலவே நிற்கும். பலா பழுத்தாற் பகலில் மலையணிலும் இரவில் மரநாயும் வந்துவிடும். யாரும் அழைக்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. எல்லாம் விலைபேசப்படும் சமுதாயத்தில், விலையின்றி வந்து விலையின்றிப் போகும் ஓர் உயிரைப் பயன் கருதாது பார்த்து நிற்பவன், அந்த ஒரு கணமேனும் உடைமையாளன் என்ற நிலையிலிருந்து விடுபட்டு நிற்கிறான். இதனைப் பூர்ஷ்வா உணர்ச்சி என்று தள்ளிவிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் 1844ஆம் ஆண்டில் மார்க்ஸ் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகளை ஒருமுறை புரட்டுவது நன்று. கவலையில் அமிழ்ந்த ஏழைக்கு அழகில் மனம் செல்வதில்லை, கனிப்பொருள் விற்பவனோ விலையை மட்டுமே காண்கிறான் என்பது அங்கு அவர் எடுத்துக்காட்டும் உண்மை. அழகுணர்வை அவர் பழிக்கவில்லை. அது மனிதனிடமிருந்து பறிக்கப்பட்டதையே பழிக்கிறார்.

பறிக்கப்படுவது எங்ஙனம் என்பதை மலையகத்திற் காணலாம். லயத்துக்குப் பின்னால் நாலைந்து பாத்திகள்: லீக்ஸ், கரட், போஞ்சி, ஓரத்தில் மரவள்ளி. பகலெல்லாம் கொழுந்து பறித்துத் திரும்பியபின், மங்கும் வெளிச்சத்திற் கொத்தி நீரூற்றி வளர்த்தவை. காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு வந்து போனாற் போதும். பாத்தி இருந்த இடம் உழுத நிலமாகிவிடும். பன்றியும் இயற்கையின் படைப்பன்றோ என்று அவ்வீட்டுப் பெண்ணிடம் உபதேசிக்க யாருக்கு நாவெழும்?

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில், அரிதிற் காணப்படும் கருஞ்சிறுத்தையொன்று மரக்கறிப் பயிர்நிலத்திற் கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சில நாளில் இறந்தது. நாடே வருந்தியது, வருந்தவேண்டியதே. அத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் பன்றிக்கென வைக்கப்படுபவை. கம்பிக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் பேதம் தெரியாது. இறுகி இறுகிக் கொல்லும் அக்கொடுமையை நாம் எவ்வகையாலும் நியாயப்படுத்தோம். ஆயினும் அன்றெழுந்த கண்டனங்களிற் பல, கம்பி கட்டிய கையோடு நின்றுவிட்டன. காட்டுக்கும் பாத்திக்கும் இடையிலிருந்த தூரத்தை இல்லாமற் செய்தவர் யார் என்ற வினா பெரிதாக எழவில்லை.

அதன் விடை மறைபொருளன்று. முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. வெட்டிய கை கூலியின் கை. இலாபம் கண்ட கை வேறு. அத்துரைமார் காலத்தில் வேட்டை பெரும் பொழுதுபோக்கு. மேஜர் றொஜர்ஸ் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டையைப் பற்றி நூலே எழுதினார். இன்று நாம் பெருமைப்படும் யால வனமும் முதலில் வேட்டைக்காரருக்கென ஒதுக்கப்பட்ட நிலமே. காட்டுயிரால் இன்புற்றவர் ஒருவர், அதன் செலவைச் செலுத்தியவர் இன்னொருவர் என்ற பிரிவினை நேற்று வந்ததன்று.

நம் இலக்கியத்தில் இன்னும் பழைய சான்றொன்று உண்டு. மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிப் போர்வை அளித்த பேகனை வள்ளல் என்று பாடசாலையிற் படிக்கிறோம். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்ததும், கபிலர், பரணர் முதலாகப் புலவர் நால்வர் சென்று அவளுக்கு அருளுமாறு அவனை இரந்ததும் புறநானூற்றிலேயே இருப்பதை அவ்வளவாக வற்புறுத்திக் கற்பிப்பதில்லை. மயிலுக்காக ஈரம் சுரந்த நெஞ்சு பொய்ந்நெஞ்சன்று. அது வீட்டிலிருந்தவளைக் காணவில்லை, அவ்வளவே. புலவர் எவரும் அவனை மயிலை வெறுக்கச் சொல்லவில்லை என்பதையும் நோக்குக.

இன்றைய பேகர்கள் வீதியோரத்தில் மோட்டார் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுகின்றனர். குழந்தைகள் கைகொட்டுகின்றனர், படமும் எடுக்கப்படுகிறது. மனிதர் கையிலிருந்து உண்டு அச்சம் நீங்கிய கூட்டம் மறுநாள் கூரையோடு பெயர்ப்பது பழம் கொடுத்தவர் வீட்டிலன்று, பக்கத்துக் குடியிருப்பில். கொடுத்தவருக்கு இன்பம் மிஞ்சியது, ஓட்டின் விலை அயலவன் கணக்கில் விழுந்தது. இதனை ஜீவகாருண்யம் என்றழைக்க நமக்கு மனமில்லை. இதன் மறுகோடியில் நின்றது, 2023இல் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்ப எழுந்த யோசனை. இலங்கையன்றி வேறெங்கும் இயல்பாக வாழாத இனம் அது. எதிர்ப்பினாலும் வழக்கினாலும் அது கைவிடப்பட்டது. கறுவாவும் தேயிலையும் போனவழி குரங்கும் போகலாம் என்று எண்ணியவர்களுக்கு வேறென்ன சொல்வது!

காட்டுயிரைக் காணும் இன்பம் ஓய்வுடையவர்க்கே உரியதென்று நாம் கருதவில்லை. குறிஞ்சித் திணையிற் கிளியின் அழகை மிக நெருங்கி அறிந்தவள் அதனை ஓட்டும் பொருட்டுத் தினைப்புனத்திற் பரண்மேல் நின்றவளே. இன்று பன்றியின் தடத்தையும் சிறுத்தையின் வரவையும் முதலிற் கூறக்கூடியவரும் லயத்து மக்களே. அவ்வறிவு அச்சமாக மட்டும் எஞ்சாதிருக்க வேண்டுமாயின், இழப்பு பொதுவிற் பகிரப்படல் வேண்டும். காட்டோரப் பாத்திகளுக்குப் பொதுச் செலவில் வேலி, அழிந்த பயிருக்கு நட்டஈடு, குரங்கையும் பன்றியையும் ஊருக்குள் இழுக்கும் குப்பைமேடுகளுக்கு மூடி: இவை கவர்ச்சியற்ற கோரிக்கைகள்தாம். ஆயினும் மயிலைக் கண்டு மகிழும் ஆசிரியரும் மாணவரும் இவற்றைக் கேட்கலாம், முதலில் நிலவுரிமையிலிருந்தே தொடங்கலாம். லயத்துப் பின்புறத்துப் பாத்தி உழைப்பவளின் பெயரில் இல்லை. உறுதி இல்லாத நிலத்தில் ஓரிரவில் அழிந்த மரவள்ளியை அவள் எந்தக் கந்தோரில், எந்தப் பெயரிற் பதிவாள்?