பக்கத்துலதான்

திருவட்டாறு ஜங்ஷனில் நின்றுகொண்டு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு எவ்வளவு தூரம் என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “இன்னா, பக்கத்துலதான்.” கேட்டவர் காரில் வந்தவராக இருந்தால் அது உண்மை. மேமாத வெயிலில் கைக்குழந்தையோடு நடக்கப்போகிறவர் என்றால் பொய். சொல்கிறவர் ஆளைப் பார்த்துப் பதிலை மாற்றிக்கொள்வதில்லை. ஆதிகேசவனைச் சேவிக்க வந்தவரானாலும் பாலம் பார்க்க வந்தவரானாலும், எங்கள் ஊரில் எல்லாமே பக்கத்தில்தான் இருக்கிறது.

இது ஏமாற்று இல்லை, உபசாரம். வழி கேட்டு வந்தவரிடம் ‘தூரம்’ என்று சொன்னால் அவர் மனம் அங்கேயே உட்கார்ந்துவிடும். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் கால் நகரும். கூப்பிடு தூரம், ஒரு பீடி வலிக்கிற தூரம், வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடும் என்றெல்லாம் சொல்லிப் பழகிய ஆட்கள் நாங்கள். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது 2009இல், தேசிய நெடுஞ்சாலையில், ஒரு வாடகைக் காரில்.

பாட்டிக்குப் பித்தப்பையில் கல். இங்கே பார்த்தவர்கள் உடனே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய நோய் என்றால் அன்றும் இன்றும் வண்டி மேற்கே பார்த்துத்தான் திரும்பும். மார்த்தாண்டத்தில் நெடுஞ்சாலை ஏறியதும் பாட்டி கேட்டாள், “இனி எவ்வளவு உண்டும் மக்களே?”

நாற்பதுக்கு மேல் இருந்தது. “பத்து கிலோமீட்டர் இருக்கும் பாட்டி” என்றேன்.

குழித்துறைப் பாலத்தில் மறுபடி கேட்டாள். “அவ்வளவுதான், வந்தாச்சு.”

எதிரே பலகைகள் வந்துகொண்டுதான் இருந்தன. நான் கவலைப்படவில்லை. பாட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீட்டில் பேசியது தமிழ், பள்ளிக்கூடத்தில் நாலாங்கிளாஸ் வரை படித்தது மலையாளம். திருவிதாங்கூர்க் காலத்தில் இங்கே நிறையப் பேருக்கு அதுதான் நிலைமை. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாண வயது. ஊர் ஒரு மொழிக்குப் போனது, அவள் படித்த எழுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. (மைலை ஒழித்துக் கிலோமீட்டரைக் கொண்டுவந்த சட்டமும் அதே 1956 டிசம்பரில் வந்ததுதான். கல்லில் இருந்த எண் மாறிய பிறகும் அதை மைல்கல் என்றுதான் கூப்பிடுகிறோம்.) பலகையில் இரண்டு மூன்று ஊர்ப்பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். எண் அவளுக்குத் தெரியும். அது எந்த ஊருக்கான எண் என்று தெரியாது. என் பொய் அந்த இடைவெளியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

களியக்காவிளை தாண்டியதும் எழுத்து மாறியது. பாறசாலைக்கு முன்னால் ஒரு பலகை. பாட்டி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். “தி-ரு-வ-ன-ந்த-பு-ரம். முப்பது.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்குலே கள்ளம் பறஞ்சே? நேரே பறஞ்சிருந்தா நான் அப்பமே படுத்திருப்பேனே.”

அப்போதுதான் நான் கவனித்தேன். மார்த்தாண்டத்திலிருந்து அவள் சாய்ந்துகூட உட்காரவில்லை. முதுகை நிமிர்த்தி, வயிற்றை ஒரு கையால் அழுத்தி, பல்லைக் கடித்தபடி வந்திருக்கிறாள். பத்து கிலோமீட்டர்தானே, அதற்குப் போய்ப் படுப்பானேன், இறங்கும்போது சேலை கசங்கியிருக்கக் கூடாது என்று. நான் ஆறுதல் என்று நினைத்துக் கொடுத்ததை அவள் கணக்காக எடுத்துக்கொண்டாள்.

கான்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை உண்டு. நண்பனைக் கொல்ல வந்தவன் கதவைத் தட்டி அவன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று அதில் வாதிடுகிறார். படித்தபோது இந்த மனிதரோடு ஒரே தெருவில் குடியிருக்க முடியாது என்றுதான் தோன்றியது. இன்றும் அந்த உதாரணத்தில் நான் அவர் பக்கம் இல்லை. ஆனால் போகிறபோக்கில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். பொய் சொன்னவன், அதனால் பிறகு விளைவது எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். கொலைகாரனை விட்டுவிட்டு என் காருக்குள் அதை வைத்துப் பார்த்தால் சரியாகப் பொருந்துகிறது. வள்ளுவர் இளகிய மனசுக்காரர். குற்றமற்ற நன்மை வரும் என்றால் பொய்யையும் வாய்மையின் கணக்கில் சேர்க்கலாம் என்று வாய்மை அதிகாரத்தில் அனுமதிக்கிறார். எங்கள் ஊர் ‘பக்கத்துலதான்’ அந்த அனுமதிச்சீட்டில்தான் இவ்வளவு நாள் ஓடியது. ஆனால் அந்த நன்மையில் குற்றம் இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டியது யார்? நான் பார்க்கவில்லை. வலி என்னுடையது இல்லை என்பதால் எனக்கு அது தெரியவும் வழியில்லை.

பயணம் போகிறவருக்குத் தூரம் என்பது வெறும் தகவல் இல்லை. இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு தெம்பு என்று பிரித்து வைத்துக்கொள்ள உதவும் அளவு அது. அதில் பொய் சொல்கிறவன் அடுத்தவர் தெம்பை அவரைக் கேட்காமல் செலவழிக்கிறான்.

தருமபுரிப் பக்கம் கிடைத்த காதக்கற்களைப் பற்றிப் பிற்பாடு வாசித்தேன். 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அதியமான் பெருவழியில் நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று ஒரு கல்லில் பொறித்திருக்கிறது. எழுத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கல்லில் இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் வெட்டியிருக்கிறார்கள். பெரியது பத்து, சிறியது ஒன்று. வாசிக்கத் தெரியாதவனும், இருட்டில் வந்தவனும் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். இத்தனைக்கும் ஒரு காதம் என்பதே பல மைல். இருபத்தொன்பது காதம் என்றால் நாள்கணக்கில் நடக்க வேண்டும். பொதிமாட்டுக்காரன் மனம் தளர்ந்துவிடுவானே என்று ஒரு குழியைக்கூட அவர்கள் குறைக்கவில்லை.

அதற்காகப் பலகையைத் தலைமேல் தூக்கிவைத்தும் ஆடமுடியாது. அது யார் முகத்தையும் பார்த்துச் சொல்வதில்லை. 47 என்று இருந்து பிறகு 66 என்று எண் மாறிய இந்தச் சாலை பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை வருகிறது. அதில் பெரிய பலகைகள் பெரிய ஊர்களுக்குத்தான். நாங்கள் மார்த்தாண்டத்தில் பிரியும் கிளைச்சாலைக்காரர்கள். அன்றைக்கு அந்தப் பலகை சொன்ன முப்பதும் எங்களுக்குப் போதவில்லை. மெடிக்கல் காலேஜ் இருப்பது நகரத்தின் வடபக்கம், தெற்கிலிருந்து போகிறவர்கள் ஊரைக் கடந்து போக வேண்டும். பாட்டி என்னை விட்டுவிட்டு டிரைவரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார்.

“முப்பதுன்னு போட்டிருக்கது டவுனுக்கு பாட்டி. ஆஸ்பத்திரிக்கு இன்னும் அஞ்சாறு கூடும். பாலராமபுரத்துல பிளாக் இருந்தா ஒண்ணேகால் மணிக்கூர் ஆவும். நீங்க படுத்துக்கிடுங்க. நான் குழி பாத்து ஓட்டுதேன்.”

பாட்டி தலையாட்டினாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, காலை மடக்கி என் மடிமேல் போட்டுக்கொண்டு படுத்தாள். நெய்யாற்றின்கரை வருவதற்குள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

பதினொரு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு ஆறு வருஷம் இருந்தாள். பரிசோதனைக்கு என்று பலமுறை அதே சாலையில் கூட்டிப்போனேன். கோபமெல்லாம் இல்லை, பழையபடி பேசுவாள், பழைய கதை சொல்லிச் சிரிப்பாள். ஆனால் எவ்வளவு தூரம் என்று மட்டும் என்னிடம் கேட்கவில்லை. நான் முன்சீட்டில் இருப்பேன், அவள் பின்னாலிருந்து டிரைவரைக் கேட்பாள். ஒருமுறை புது டிரைவர். “பக்கத்துலதான் பாட்டி” என்றார். அவள் பதில் பேசவில்லை. களியக்காவிளை தாண்டும்வரை கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பலகை வந்தது. எழுத்துக்கூட்டி வாய்க்குள் வாசித்தாள், விரலில் எதையோ கூட்டினாள், அப்புறம்தான் படுத்தாள்.