வீட்டுக்குள் பாட்டு வரட்டும்



இன்று திருக்குடும்பத் திருவிழா. இரண்டாம் வாசகத்தில் மனைவியர், கணவர், பிள்ளைகள், தந்தையர் என்று ஒவ்வொருவருக்கும் பவுலடியார் சொன்ன அறிவுரையைத்தான் நாம் வழக்கமாக மனத்தில் வாங்கிக்கொள்கிறோம். குடும்ப விழா மறையுரைகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே அமைகின்றன. அதற்குச் சற்று முன்னால் அவர் சொன்னதை இன்று கேளுங்கள். கிறிஸ்துவின் வாக்கு நமக்குள் நிறைந்திருக்க வேண்டும், ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும், திருப்பாடல்களையும் புகழ்ப்பாக்களையும் ஆவிக்குரிய பாடல்களையும் நன்றியோடு பாட வேண்டும் என்கிறார் (கொலோசையர் 3:16). அப்படிப் பாடச் சொல்லிவிட்டுத்தான் கணவன் மனைவி உறவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்ட இடமே வீடுதான். கடைசி அதிகாரத்தில், நிம்பா என்பவருடைய வீட்டில் கூடிவந்த சபைக்கும் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். கோபுரமும் பீடமும் பாடகர் குழுவும் வருவதற்கு முன்பே பாட்டு இருந்தது. சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த அதே வீட்டுக்குள் இறைமக்கள் பாடினார்கள்.

நாசரேத்து வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மரியாவும் யோசேப்பும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேமுக்குப் போவார்கள் என்று லூக்கா எழுதுகிறார். நடந்தே போன பயணம் அது. உறவினரும் தெரிந்தவர்களும் கூட்டமாகச் சென்றார்கள். பன்னிரண்டு வயது மகன் உடன் இல்லை என்பதை ஒரு நாள் பயணம் முடியும்வரை பெற்றோர் கவனிக்கவில்லை என்றால், அந்தக் கூட்டம் எவ்வளவு நெருக்கமானதாக இருந்திருக்கும்! நம் திருவிவிலியத்தில் 120 முதல் 134 வரையுள்ள திருப்பாடல்கள் சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்கள் என்றே அழைக்கப்படுகின்றன. பாதயாத்திரையாக வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கால் வலிக்கும்போது யாராவது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினால்தான் அடுத்த மைல் நகரும். இயேசு பாடக் கற்றுக்கொண்டது அந்த வழியிலும் அந்த வீட்டிலுமாகத்தான் இருந்திருக்கும். இறுதி இராவுணவு முடிந்து ஒலிவ மலைக்குப் புறப்படும் முன் அவரும் சீடர்களும் புகழ்ப்பா பாடினார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் சொல்கிறார்கள். சாவை நோக்கி நடக்கத் தொடங்கிய அந்த இரவில் ஆண்டவர் வாயிலிருந்து வந்தது, சிறுவயதில் தாயும் தந்தையும் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய பாஸ்காப் பாட்டு. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது.

தொடக்கத் திருச்சபையின் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் தெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர் வாழ்ந்தார். கிறிஸ்தவர்களின் அன்பு விருந்தில் என்னதான் நடக்கிறது என்று சந்தேகப்பட்ட ரோமை அதிகாரிகளுக்கு அவர் விளக்கம் எழுதினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுவார்கள், விளக்கு ஏற்றுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் நடுவில் வந்து கடவுளுக்குப் பாட அழைக்கப்படுவார்கள். திருநூலிலிருந்து பாடலாம், சொந்தமாகக் கட்டியும் பாடலாம். குரல் நன்றாக இருப்பவர்கள் மட்டும் வாருங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கொரிந்து நகரச் சபையிலும் கூடிவந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டோடு வந்தார்கள் என்று பவுலின் முதல் திருமுகம் காட்டுகிறது.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வரும்போது நான் காண்பது என்ன? செபமாலை முடிகிறது. மாதா பாட்டு பாட வேண்டும். உடனே ஒரு செல்போன் எழும்பும், யூடியூப்பில் பாட்டு ஓடும், எல்லாரும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தப் பதிவில் வயலின் உண்டு, புல்லாங்குழல் உண்டு, பயிற்சி பெற்ற குரல் உண்டு. அவர்கள் நன்றாகத்தான் பாடுகிறார்கள். ஆனால் அந்த அறையில் இருக்கும் இருபது பேரில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. திருப்பலியிலும் இதே பழக்கம் மெல்ல நுழைந்துவிட்டது. பாடகர் குழு ட்ராக் போட்டுப் பாடுகிறது, மக்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மக்களின் குரல் ஒலிக்க வேண்டும் என்று தெளிவாகவே கேட்டுக்கொண்டது. வழிபாட்டில் மட்டுமல்ல, பக்தி முயற்சிகளிலும் பொதுமக்களின் சமயப் பாட்டை வளர்க்கச் சொன்னது. வீட்டில் வாய் திறக்காதவர்கள் கோயிலில் எப்படித் திறப்பார்கள்?

“சாமி, எங்களுக்குச் சுதி சேராது” என்பீர்கள். சுதி சேராவிட்டாலும் பாடிய ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

387-ஆம் ஆண்டு. ரோமை நகரின் துறைமுகமான ஒஸ்தியாவில் புனித மோனிக்கா காய்ச்சலில் இறந்துபோனார். மகன் அகுஸ்தினாரை மனந்திருப்ப ஆண்டுக்கணக்கில் அழுத தாய் அவர். கண்ணை மூடிவிட்ட கையும் மகனுடையதே. பக்கத்தில் நின்ற பேரன் அதெயோதாத்துஸ் ஓவென்று அலறினான், பெரியவர்கள் அடக்கினார்கள். அழுகை அடங்கியதும் நண்பர் எவோதியுஸ் திருப்பாடல் நூலை எடுத்து, இரக்கத்தையும் நீதியையும் புகழும் திருப்பாடலைத் தொடங்கினார். வீட்டில் இருந்த எல்லாரும் பதில் பாடினார்கள். இதை அகுஸ்தினாரே தம் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதிவைத்திருக்கிறார். இறந்தவரின் மகன், பேரன், நண்பன், வீட்டார். தொண்டை அடைத்துக்கொண்ட அந்த நேரத்தில் யாருக்குச் சுதி சேர்ந்திருக்கும்? ஆனாலும் பாடினார்கள். அன்று பகலெல்லாம் மனத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த அகுஸ்தினாருக்கு, பிறகு படுக்கையில் தனியே கிடந்தபோது ஆயர் அம்புரோசியார் எழுதிய மாலைப் புகழ்ப்பா ஒன்று நினைவுக்கு வந்தது. அதன் பிறகுதான் தாய்க்காக அவரால் அழ முடிந்தது.

அந்தப் பாட்டு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அதற்கு முந்தைய ஆண்டு, மிலான் நகரில் அரசி யுஸ்தினா ஆயர் அம்புரோசியாரைத் துன்புறுத்தியபோது, மக்கள் ஆயரோடு சாகவும் துணிந்து கோயிலிலேயே இரவும் பகலும் விழித்திருந்தார்கள். மோனிக்காவும் அவர்களில் ஒருவர். துயரத்தில் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கீழைத் திருச்சபைகளின் வழக்கப்படி மக்களே பாடும் முறை அங்கே தொடங்கியது. ஆக, கோயிலில் கற்ற பாட்டு வீட்டுக்கு வந்தது, வீட்டிலிருந்து ஒரு மகனின் படுக்கை வரைக்கும் வந்தது. கேட்டு மட்டும் வைத்த பாட்டு அவ்வளவு தூரம் வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

நம் மக்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. கோவாவிலிருந்து வந்த புனித யோசேப்பு வாசும், 1705-இல் அங்கு சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் மறைந்தும் அலைந்தும் மக்களைத் தேடிச் சென்றார்கள். குருக்கள் ஒருசிலரே. ஓர் ஊருக்குத் திரும்பி வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதினார். ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் ராகம் போட்டுக் கூட்டமாகப் பாடும் நூலானது. அதில் ஒலிப்பது நம் பெண்கள் இழவு வீட்டில் பாடும் ஒப்பாரியின் உருக்கம். குரு இல்லாத ஊரில் விசுவாசம் எப்படி நின்றது என்று கேட்டால், இப்படிப் பாடியவர்களாலும் நின்றது என்பேன்.

ஒப்பாரி என்றதும் சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். தாலாட்டு, கும்மி, கடற்கரை ஊர்களில் வலை இழுக்கும்போது பாடும் அம்பா, இவையெல்லாம் படிக்காதவர் பாட்டு, கோயிலுக்கு ஆகாது என்ற எண்ணம் நமக்குள் வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தின் அடியில் சாதி இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாவுக்கு அடிப்பது என்று பறையையும், அதை அடித்தவர்களையும் சேர்த்தே ஒதுக்கினோம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தென்னிந்தியத் திருச்சபை அருட்பணியாளர் தியோபிலஸ் அப்பாவு இதை எதிர்த்து வாழ்ந்தார். ‘பரட்டை’ என்ற பெயரில் அறியப்பட்ட அவர் 2005-இல் இறந்தார். கிராமத்து மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் அவர் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கர்நாடக இசையோ மேற்கத்திய இசையோ படித்தால்தான் பாட முடியும் என்றால் வயலில் வேலை செய்யும் பெண் எப்போது பாடுவாள் என்பதே அவருடைய கவலை. கிராமத்துப் பாட்டை அவள் தானே பிடித்துக்கொள்வாள், வேண்டிய இடத்தில் மாற்றுவாள், தன் துயரத்தையும் அதில் சேர்ப்பாள். ஓர் உலையில் எல்லாரும் பொங்கி எல்லாரும் உண்பதை அவர் திருவிருந்தோடு சேர்த்தே பேசினார். நம் சபையைச் சேராதவர் என்பதற்காக இந்தப் பாடத்தை நாம் தள்ளிவிடக் கூடாது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். திருப்பலியில் பாடும் பாட்டின் சொற்கள் திருச்சபையின் போதனைக்கு இசைந்தவையாக, முக்கியமாக திருவிவிலியத்திலிருந்தும் வழிபாட்டு நூல்களிலிருந்தும் ஊற்றெடுத்தவையாக இருக்க வேண்டும். அது பற்றிக் கண்டிப்பாகவே இருப்பேன், பாடகர் குழுவினருக்கு அது தெரியும். வீட்டிலோ உங்களுக்கு நிறைய சுதந்திரம் உண்டு. இன்று பதிலுரைப் பாடலில் கேட்ட கருத்தை உங்கள் அம்மா பாடிய தாலாட்டு மெட்டில் போட்டுப் பாடுங்கள். பிள்ளையின் திருமுழுக்குக்கு நீங்களே நாலு வரி கட்டி வாழ்த்துங்கள். ஆர்மோனியம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கைத்தாளம் போதும். எழுபது வயதுப் பாட்டிக்கு எட்டும் சுதியில் தொடங்குங்கள், இளைஞர்கள் தங்கள் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளட்டும். எடுத்துக்கொடுப்பது ஒரு நாள் தாத்தா, ஒரு நாள் சின்னப் பேத்தி என்று மாறட்டும். வீட்டில் சண்டை நடந்த நாளிலும் பாடுங்கள். ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளுங்கள், மன்னியுங்கள் என்று சொன்ன பிறகுதான் பவுல் பாடச் சொல்கிறார். ஒரே மூச்சில் ஒரே வரியைப் பாடும் கணவனும் மனைவியும் அந்த நேரமாவது ஒருவருக்கொருவர் செவிகொடுத்தே ஆக வேண்டும்.

பாட்டை வாசலுக்கு வெளியேயும் கொண்டுபோங்கள். போன வாரம் நாம் பாடிய ‘சைலன்ட் நைட்’ பாட்டின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிற்றூரில் துணைப் பங்குத்தந்தை யோசேப்பு மோர் எழுதிய கவிதைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர் மெட்டமைத்தார். 1818 கிறிஸ்து பிறப்பு இரவில் இரண்டு நண்பர்களும் கிடாரோடு பாடினார்கள். ஆர்கன் செய்பவர் ஒருவர் அதைத் தம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். சந்தைகளில் கையுறை விற்கப் போன ஸ்ட்ராசர் குடும்பம் போகிற ஊரிலெல்லாம் பாடியது, ரைனர் குடும்பம் அமெரிக்கா வரைக்கும் கொண்டுசேர்த்தது. உலகம் பாடும் பாட்டைப் பரப்பியவை இரண்டு பாடும் குடும்பங்கள்.

பாட்டு பிற சமயத்தாரோடும் உறவு கட்டும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை நம் கத்தோலிக்கர். 1878-இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வெளியிட்டார், எந்தச் சமயத்தாரும் கூச்சமின்றிப் பாடக்கூடிய கடவுள் புகழ் அது. தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தவர்களுக்குச் செலவிட்டார். அதைக் கண்ட நண்பர், நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். உங்கள் கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பார்க்க வரும் இந்து, இசுலாமிய நண்பர்களுக்குக் கேக் கொடுப்பதோடு ஒரு பாட்டும் பாடிக் காட்டுங்கள். அவர்கள் வீட்டுப் பாட்டையும் மரியாதையோடு கேளுங்கள்.

சனவரி மாத அன்பியக் கூட்டங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். செல்போனில் பாட்டுப் போட வேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் பாடிப் பழகிய ஒரு பாட்டோடு வாருங்கள், பழையதோ புதியதோ, மூன்று வரியோ முப்பது வரியோ. பாடத் தெரிந்த பாட்டி, தாத்தா இருக்கும் வீட்டார் இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் கேட்டு எழுதிவையுங்கள், பிள்ளைகளுக்குப் பாடக் கற்றுக்கொடுங்கள். ஆமென்.