பக்கத்து மரம் நின்ற இடம்

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நிற்கும் மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் கிளைகள் அடர்ந்திருக்கும்; உட்பக்கம் மொட்டையாக இருக்கும். அது நோயில்லை. நெருக்கி நட்ட கன்றுகள் வளர வளர வெயிலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பக்கத்து மரத்தின் நிழல் விழுகிற பக்கம் கிளைகள் காய்ந்து உதிர்ந்துவிடுகின்றன.

மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ் மரம் வருடா வருடம் அப்படியோர் ஓரத்திலிருந்துதான் வந்தது. கடலூர் மாவட்டத்தில் சவுக்கு பணப்பயிர். நட்ட நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வரும். நேராக ஓடிய கழி பந்தலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகும். காகித ஆலைக்கு டன் கணக்கில் எடை போட்டு ஏற்றுவார்கள். உச்சியும் கிளையும் மிளாறாகக் கட்டப்பட்டு அடுப்புக்கு வரும். இரண்டு வயதில் ஒரு நேரான கன்றை வெட்டினால், தோப்புக்காரருக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து வரவேண்டிய ஒரு கழி போயிற்று.

எங்கள் பாட்டிக்கு, ஆயா என்றுதான் கூப்பிடுவோம், இந்தக் கணக்கு தெரியும். டிசம்பர் மழை கொஞ்சம் விட்ட ஒரு நாளில் எங்களைத் தோப்புக்குக் கூட்டிப் போவார். தோப்புக்காரர் பெருந்தன்மையான மனிதர். “எது வேணுமோ வெட்டிக்குங்க ஆயா” என்பார். “நேரா வளந்தது உனக்கு ஆவட்டும் தம்பி. ஓரத்துல கோணலா நிக்குதே, அது எங்களுக்குப் போதும்” என்பார் ஆயா. பிள்ளைகளான எங்களுக்கு ஏக்கமாக இருக்கும். வாழ்த்து அட்டைகளில் பார்த்த மரங்கள் கோபுரம்போல் நாலு பக்கமும் சரிந்து இறங்கும். எங்களுடையது ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். சில வருடம் உச்சி இரண்டாகப் பிளந்து, நட்சத்திரத்தை எந்தப் பக்கம் கட்டுவது என்ற வழக்கு நடக்கும்.

சவுக்கு மரமும் எங்கள் திருச்சபையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இங்கே வேர்விட்டவை. ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டுமென்று சென்னை மாகாணக் கரையோரத்தில் சவுக்கைப் பெரிய அளவில் நடத் தொடங்கியது 1860களில். அதே பத்தாண்டில்தான் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற ஊழியத் தலத்தை அமைத்தார். அவர் முன்பு லைப்சிக் மிஷனில் இருந்தவர். கிறிஸ்தவரான பிறகும் சாதி பார்ப்பதைப் பொறுத்துப் போவதா என்ற கேள்வியில், பொறுக்கக்கூடாது என்று நின்று அந்த மிஷனை விட்டுப் பிரிந்தார். பின்னர் டென்மார்க் மிஷன் சங்கம் அவருடைய பணிக்குத் துணையாக வந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுதான். ஒரே கூரையின் கீழ் சிலர் மட்டும் நிழலில் நிற்க வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த சபை என்று இதை நினைத்துக்கொள்வேன்.

மரம் வீட்டுக்கு வந்ததும் வாளியில் ஈரமணல் நிரப்பி நிறுத்துவோம். மொட்டைப் பக்கத்தைச் சுவரோரம் தள்ளிவிடலாம் என்பது அப்பாவின் யோசனை. ஆயா சம்மதித்ததே இல்லை. “அந்தப் பக்கம்தான் தொங்கவிட எடம் இருக்கு” என்று அதை வாசலைப் பார்த்துத் திருப்பிவிடுவார். சவுக்கு கனம் தாங்காது. நாம் இலை என்று நினைப்பது உண்மையில் கணுக்கணுவாகப் பிரிகிற மெல்லிய பச்சைக் குச்சி. கணுவைச் சுற்றிப் பொடிப் பற்களாக ஒட்டியிருப்பதுதான் இலை. கண்ணாடி உருண்டையைத் தொங்கவிட்டால் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். ஆகவே கலர் காகிதம், ஜிகினா, பஞ்சு, மைதாப் பசை. கனமில்லாதவற்றைச் செய்ய நிறையக் கைகள் வேண்டும். கேரல் பாடப் பழகி முடித்த பிள்ளைகள் எல்லாரும் எங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சங்கிலி ஒட்டுவார்கள். அடர்ந்த பக்கத்துக்கு அவ்வளவாக வேலையிருக்காது. மொட்டைப் பக்கத்தைச் சுற்றித்தான் கூட்டம்.

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844இல் ஒரு ஃபர் மரத்தைப் பற்றிக் கதை எழுதினார். காட்டில் இருந்தபோதெல்லாம் வேறெங்கோ போக ஏங்கிய மரம், ஒரே ஓர் இரவு கிறிஸ்மஸ் மரமாக ஜொலித்துவிட்டுப் பரணில் போடப்பட்டுக் கடைசியில் விறகாகிறது. படித்தபோது துக்கமாக இருந்தது. எங்கள் மரமும் ஜனவரியில் வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். ஆனால் தோப்பிலேயே இருந்திருந்தாலும் அது மிளாறுதான். அடுப்புக்குப் போகும் வழியில் எங்கள் கூடத்தில் சில நாள் தங்கிப் போனது. யாருடைய விளைச்சலையும் குறைக்காமல் கொண்டாட முடியும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் போயின. சவுக்குத் தோப்புகள் படுத்துவிட்டன. அடுத்த கிறிஸ்மஸுக்கு அந்தத் தோப்புக்காரரிடம் கேட்க எங்களுக்கு வாயில்லை. அவர் நிலத்தில் அப்போதுதான் புதுக் கன்று நட்டிருந்தார். புயலில் ஒடிந்த முந்திரிக்கிளை ஒன்றை அப்பா கொண்டுவந்து வாளியில் நட்டார். நாலு பக்கமும் மொட்டை. தெருவே வந்து ஒட்டியது. சரஸ்வதி பூஜைக்கு வாங்கி மீந்த கலர் காகிதத்தைக்கூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்துவந்தார்கள்.

இப்போது கடைகளில் பிளாஸ்டிக் மரம் கிடைக்கிறது. வாங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நகரத்து அடுக்குமாடியில் தோப்புக்கு எங்கே போவது? ஆனாலும் அதைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. நாலு பக்கமும் ஒரே அடர்த்தி. இதற்குப் பக்கத்தில் எதுவும் நின்று வளர்ந்ததில்லை.

மனிதர்களையும் அப்படித் தேடுகிறோம் என்பதுதான் என் கவலை. வரன் பார்க்கும்போது பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம் வேண்டும் என்கிறோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடுவில் நின்றுபோன வருடங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். அந்த வருடங்களில் ஒருவர் படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். குறை கண்ணில் படுகிறது. அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று கேட்பதில்லை.

என் அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்றார்கள், அப்பா படித்தார். அத்தையைத் தியாகி என்று சொல்லிப் புகழ்ந்துவிடுவது எளிது. ஆனால் அந்த நிழல் அவர் கேட்டு வாங்கியதில்லை. பெண் என்பதால் அவர்மேல் விழுந்தது. மரத்துக்கு வெயில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆனால் மனிதர்களுக்குள் யாருக்கு வெயில், யாருக்கு நிழல் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். சாதியாலும் முடிவு செய்தோம், பாலினத்தாலும் முடிவு செய்தோம். அப்படி மொட்டையான பக்கத்துக்கு ஜிகினா போதாது.

அப்பா அதைப் புரிந்துகொண்டிருந்தார். அத்தை மகள் நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது, யாரும் கேட்காமலே கடைசி வருடம்வரை கட்டணம் கட்டினார். “உதவி செஞ்சீங்களாமே” என்று ஒருவர் பாராட்டியபோது, “உதவி இல்லைங்க, பாக்கி” என்றார். குறையுள்ள ஒருவரை ஏற்றுக்கொள்வது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. அவருக்குக் கிடைக்காமல் போன வெயிலில் நமக்கு எவ்வளவு வந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பார்த்தபின் கொடுக்கத் தொடங்க வேண்டும்.