உரோமையின் சுரங்கக் கல்லறைகளும் இறந்தோரைக் காணும் உரிமையும்

இறந்தோரை அடக்கம் செய்த இடத்தை, அவர்களோடு உறவோ அறிமுகமோ இல்லாத ஒருவர் பயணத்தின் நடுவே கட்டணம் செலுத்திப் பார்த்து வருவது முறைதானா என்னும் வினா, உரோமை நகரின் சுரங்கக் கல்லறைகளைப் பொறுத்தவரை மிகவும் பொருத்தமானது. குறைந்த செலவில் பயணம் செய்யும் மாணவர்களும் திருப்பயணிகளும் நகரப் பேருந்தில் ஏறிப் பழைய ஆப்பியா நெடுஞ்சாலையை அடைந்து, வழிகாட்டி ஒருவரின் பின்னால் படியிறங்கி, கலிஸ்துஸ், செபஸ்தியார், தொமித்தில்லா ஆகியோரின் பெயரால் வழங்கும் கல்லறைகளைக் கண்டு திரும்புகின்றனர். அவர்கள் காண்பது அரசர்களின் நினைவுச் சின்னங்களை அன்று. தங்கள் அடக்கம் பிறர் பார்வைக்கு உரியதாகும் என்று ஒருபோதும் எண்ணியிராத எளிய மக்களின் இறுதி இடங்களையே அவர்கள் காண்கின்றனர்.

இவ்வினாவுக்குப் பண்டைய உலகம் இரு வேறு விடைகளைத் தந்தது. சாவு வந்தபின் உணர்பவரே இல்லை என்பதால் இறந்தவருக்குத் தீங்கு செய்ய எவராலும் இயலாது என்பது எபிக்கூரஸ் என்னும் கிரேக்க மெய்யியலாளரின் கொள்கையிலிருந்து பெறப்படும் விடை. உரோமைச் சட்டமோ, உடல் முறையாக அடக்கம் செய்யப்பட்ட நிலம் இறந்தோருக்கே உரியதாகிவிடுகிறது என்றும், அதனை ஏனைய நிலங்களைப் போல விற்கவோ வாங்கவோ இயலாது என்றும் கருதியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைப் புனித அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலா நகர ஆயர் பவுலினுஸ் எழுப்பிய கேள்விக்கு விடையாக எழுதிய சிறு நூலில் வகுத்தார். அடக்கச் சடங்கின் சிறப்பு இறந்தவருக்கு உதவுவதைவிட வாழ்பவருக்கே ஆறுதலாகிறது என்று ஒப்புக்கொண்ட அவர், ஆன்மா தன் நற்செயல்களுக்குக் கருவியாகக் கொண்ட உடலை இகழ்ந்து எறிதல் தகாது என்றும் வலியுறுத்தினார்.

இக்கருத்து நூலில் இடம்பெறுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே உரோமையின் மண்ணில் செயல் வடிவம் பெற்றிருந்தது. நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைப்பதையும் எரிப்பதையும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம் தடை செய்திருந்ததால், கல்லறைகள் நகருக்கு வெளியே செல்லும் சாலைகளின் ஓரமாகவே அமைந்தன. செல்வர்கள் மாடங்கள் எழுப்பினர்; நடுத்தர மக்களும் அடிமைகளும் அடக்கச் செலவுக்கென்றே சங்கங்களில் சேர்ந்தனர். உரோமைக்கு அருகிலுள்ள லானுவியும் ஊரில் கிடைத்த கி.பி. 136ஆம் ஆண்டின் கல்வெட்டு, அத்தகைய சங்கமொன்றில் சேர 100 செஸ்தெர்சு நாணயமும் ஒரு சாடி நல்ல மதுவும் தர வேண்டும் என்றும், தவணை கட்டத் தவறியவர் அடக்க உரிமையை இழப்பார் என்றும் விதிக்கிறது. அதையும் தர இயலாதவர்களின் உடல்கள் பொதுக் குழிகளில் எறியப்பட்ட காலமும் உண்டு.

கிறிஸ்தவச் சமூகம் இங்கேதான் வேறுபட்டு நின்றது. விரும்பியோர் இயன்றதை இடும் பொது உண்டியலிலிருந்து ஏழைகளுக்கு உணவும் அடக்கமும் அளிக்கப்பட்டதைத் தெர்த்தூலியன் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தேஜ் நகரிலிருந்து பதிவு செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் உரோமைத் திருச்சபை தன் கல்லறையை நிர்வகிக்கும் பொறுப்பை, முன்பு அடிமையாயிருந்தவரும் பின்பு திருத்தந்தையானவருமான கலிஸ்துஸ் என்னும் திருத்தொண்டரிடம் ஒப்படைத்தது. வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப் பட்டபின் உறுதியாகவும் மாறும் எரிமலைப் பாறையைக் குடைந்து, தோண்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அடுக்கடுக்காக நடைவழிகளை அமைத்தனர். அவற்றின் இரு சுவர்களிலும் ஓர் உடல் கிடக்கும் அளவுக்கு நீளவாட்டில் வெட்டப்பட்ட மாடக்குழிகள், ஓடுகளாலோ பளிங்குப் பலகைகளாலோ மூடப்பட்டுச் சுண்ணச் சாந்தால் பூசப்பட்டன. வளைவு மாடங்களும் ஓவியம் தீட்டிய தனி அறைகளும் வசதி படைத்தோருக்கு இருந்தன என்பதால் அங்கு முழுச் சமத்துவம் நிலவியது என்று கூற இயலாது. எனினும் கிறிஸ்தவக் கல்லறை எழுத்துகளில் அடிமை, விடுதலை பெற்ற அடிமை என்னும் குறிப்புகள் மிக அரிதாகவே காணப்படுவது, சாவின் முன் அச்சமூகம் மனிதரை எவ்வாறு மதித்தது என்பதற்குச் சான்றாகிறது. துன்புறுத்தலுக்கு அஞ்சிய கிறிஸ்தவர்கள் இச்சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தனர் என்னும் பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அவர்கள் இங்கே வந்தது இறந்தோரை அடக்கவும், நினைவு நாளில் வேண்டவுமே.

ஆகவே பார்வையாளர் என்பவர் இவ்விடத்துக்குப் புதியவர் அல்லர். நான்காம் நூற்றாண்டில் உரோமையில் மாணவராயிருந்த புனித எரோணிமுஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் இச்சுரங்கங்களின் இருளுக்குள் இறங்கியதை எசேக்கியேல் நூலுக்குத் தாம் எழுதிய விளக்கவுரையில் குறிப்பிடுகிறார். அதே நூற்றாண்டில் திருத்தந்தை தமாசுஸ், மறைசாட்சிகள், அதாவது நம்பிக்கைக்காக உயிர் நீத்தோர், துயிலும் இடங்களைச் சீரமைத்துக் கவிதைக் கல்வெட்டுகளைப் பதித்தது, வருவோர் படித்தறிய வேண்டும் என்பதற்காகவே. வாழ்வோரும் இறந்தோரும் ஒரே குடும்பம் என்னும் ‘புனிதர்களின் சமூக உறவு’ என்ற கோட்பாட்டின்படி, அங்கே இறங்குபவர் உறவினரைக் காணச் செல்பவரே ஆவார்.

இறந்தோருக்கு நேர்ந்த உண்மையான அநீதி வேறொரு வழியில், அதுவும் பக்தியின் பெயரால் நிகழ்ந்தது. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த சுரங்கங்களில் ஒன்று 1578இல் சலாரியா சாலை அருகே தற்செயலாக வெளிப்பட்ட பின்னர், பெயர் தெரியாத பலரின் எலும்புகள் மறைசாட்சிகளுடையவை எனக் கருதப்பட்டு எடுக்கப்பட்டன. புதிய பெயர்கள் சூட்டப்பட்டு, பொன்னாலும் மணியாலும் அணி செய்யப்பட்டு, அவை ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலுள்ள ஆலயங்களுக்கு அனுப்பப்பட்டன. இறந்தவருக்கு உரியவை அவருடைய பெயரும் இடமுமே என்றால், அவ்விரண்டையும் பறித்த இச்செயல், எத்துணை வணக்கத்தோடு செய்யப்பட்டிருப்பினும், பார்த்து மட்டும் செல்லும் பயணியின் ஆர்வத்தைவிடப் பெரும் பிழையாகும். பெயர் தெரியாத ஒருவரைப் பெயரறியாதவராகவே ஏற்றுக்கொள்வது, இல்லாத பெயரைச் சூட்டி வணங்குவதினும் மேலான மரியாதை.

இக்கல்லறைகள் ஏழைகளுக்கானவை என்னும் நினைவு முற்றிலும் மங்கிவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவடையும் தறுவாயில், 1965 நவம்பர் 16 அன்று சுமார் 40 ஆயர்கள் தொமித்தில்லா சுரங்கக் கல்லறையில் திருப்பலி நிறைவேற்றி, மாளிகை, ஆடம்பர உடை, பட்டப் பெயர் ஆகியவற்றைத் துறந்து ஏழைகளோடு எளிமையாக வாழ்வோம் என்னும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

எனவே இறந்தோரைக் காணும் உரிமை வாழ்பவருக்கு உண்டு. அது கட்டணத்தால் வாங்கப்படுவதன்று, நடத்தையால் பெறப்படுவது. கையிருப்புக் குறைந்த பயணி, இவ்விடத்தை உருவாக்கிய மக்களுக்குச் செல்வரைவிட நெருக்கமானவர் என்பதால், அங்கே இறங்குவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. குரலைத் தாழ்த்தி, படம் எடுக்கக் கூடாது என்னும் விதியை மதித்து, சுவரிலிருந்து ஒரு துகளையும் பெயர்க்காமல், கண்ணில் படும் ஒரு பெயரையேனும் முழுமையாகப் படித்துவிட்டு வருவதே அங்கு செல்லும் ஒவ்வொருவரும் இறந்தோருக்குச் செலுத்த வேண்டிய கடன்.