யந்திர அறிவும் இராஜநீதியும்

செயற்கை நுண்ணறிவு எனப்படும் யந்திரவித்தையை வளர்ப்போரை அரசாங்கங்கள் சட்டத்தாற் கட்டுப்படுத்தல் தகுமோ தகாதோ என்னும் வினா இக்காலத்துப் பல தேசங்களினும் நிகழ்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் தகுமென்று துணிந்து 2024ஆம் ஆண்டிற் சட்டஞ் செய்தது. அமெரிக்காவிலோ, 2023இல் அதிபர் பைடன் பிறப்பித்த கட்டளையை அவர்க்குப் பின்வந்த ட்ரம்ப் 2025 ஜனவரியிற் பதவியேற்ற அன்றே நீக்கினார்.

கட்டுப்பாடு வேண்டாமென்பார் கூறும் நியாயங்களுள் வலியது ஒன்று. இவ்யந்திரங்களுக்கு விடைகள் ஒவ்வொன்றாக எழுதிவைக்கப்படுவதில்லை. அளவிறந்த எழுத்துத் தொகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட, கோடிக்கணக்கான எண்கள் தம்முள் ஒருவாறு அமைந்து விடை தோன்றும். அஃது யாதாகுமென்பது செய்தவனுக்கே முன்னறியப்படாது. அறியாததற்கு அவனைப் பொறுப்பாளியாக்கல் யாங்ஙனம் என்பர்.

குடத்தின் காரணம் மூன்றனையும் கற்ற சைவ மாணாக்கன் இதற்கு மயங்கான். திரிகை துணைக்காரணம், குயவனே நிமித்தகாரணன். யந்திரம் சடம், அதற்கு இச்சையில்லை, இச்சையில்லாதவழி வினையுமில்லை. (அதனை அறிவென்று பெயரிட்டதே பிழையென்போம்.) எனவே அதனால் விளையுங் கேடு ஒரு சேதனனையே சாரவேண்டும். முன்னறியாமை அவனை விடுவியாது. கட்டாக்காலி மாடு எவ்வயலிற் புகுமென்று உடையவன் அறியான். ஆயினும் பயிரழிந்தவிடத்து இழப்பை மாட்டினிடங் கேட்பார் எவருமிலர். அறியேனென்பது கட்டிவைத்தற்கே காரணமாகும், அவிழ்த்துவிடுதற்கு அன்று.

ஐரோப்பியச் சட்டம் சிலவற்றை அறவே விலக்கியது. மருத்துவமும் பாதுகாப்பும் பற்றியனவொழிய, பாடசாலையிலும் தொழிலிடத்திலும் மனிதரது மனவுணர்ச்சியை யந்திரத்தாற் கணித்தல் 2025 பெப்ரவரி 2 முதல் ஆங்கு குற்றம். ஆசிரியர் யாவரும் இதனை வரவேற்பர். ஆயினும் யுத்தத்திற்கும் தேசப் பாதுகாப்பிற்கும் மாத்திரம் பயன்படும் யந்திரங்களை அச்சட்டம் தன் எல்லைக்குப் புறத்தே வைத்தது. எமக்கு இது பெருங்குறையாகத் தோன்றுகின்றது. மாட்டுக்குடையவன் அரசாங்கமே ஆயின் கேட்பார் யார்?

ஒல்லாந்து தேசத்திலே குழந்தைப் பராமரிப்பு உதவிப்பணம் பெற்ற பல்லாயிரம் பெற்றோரை வரித்திணைக்களம் மோசக்காரரென்று தவறாகத் தீர்த்து, கொடுத்த பணத்தை மீளக் கேட்டது. யாரை ஐயுறல் வேண்டுமென்று தெரிந்து காட்டிய கணினிமுறை, அந்நியக் குடியுரிமையையும் ஓர் அடையாளமாகக் கொண்டிருந்தது. பலர் கடனில் மூழ்கினர். 2021 ஜனவரியில் ரூட்டேயின் மந்திரிசபை பதவி துறந்தது. அவ்வாண்டு டிசம்பரில், தனிமனிதர் தகவலைக் காக்கும் சபை அத்திணைக்களத்திற்கு 27.5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. தண்டித்தது அத்திணைக்களத்தின் ஏவலின்கீழ் நில்லாத வேறொரு சபையாதலைக் காண்க. யாம் வேண்டுவதும் அத்தகைய சபையே. வணிகனது யந்திரத்தையும் மந்திரியினது யந்திரத்தையும் ஒருங்கே திறந்து பார்க்கும் உரிமை அதற்கு உளதாதல் வேண்டும்.