தோலும் உயிரும்

வட அமெரிக்காவில், சுபீரியர் ஏரியை அடுத்த ஊர்களின் பொது நூலகங்களில், செந்நிறத் தொப்பியும் இடைக்கச்சையும் அணிந்த ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட்ரியாலிலிருந்து படகு வலித்து வந்த பிரெஞ்சுத் துடுப்புக்காரராகவே தம்மைப் பாவித்துப் பாடியும் கதை சொல்லியும், பீவர் என்னும் நீர்வாழ் பிராணியின் தோலைச் சிறுவர் கையில் தந்து தடவிப் பார்க்கச் செய்தும் மென்மயிர் வாணிகத்தின் சரித்திரத்தை நடித்துக் காட்டும் வழக்கம் உண்டு. முடிந்ததும் நூலகத்தார், எத்தனை பேர் வந்தனர், மகிழ்ந்தனரா, புதிதாக ஏதேனும் அறிந்தனரா என்று கணக்கெடுப்பர். வேண்டிய கணக்குத்தான், எனினும், மாண்டோரின் வாழ்வை வேஷமிட்டுக் காட்டும் காரியம் தர்மத்தின் தராசில் என்ன நிறை நிற்கும் என்பதை அது தொடுவதில்லை.

உழைப்பைக் காட்டுவதில் இக்கலைக்கு நிகரில்லை. ஒவ்வொன்றும் 90 ராத்தல் கனமுள்ள இரண்டு பொதிகளை ஒருசேர முதுகிலேற்றி, நெற்றிப்பட்டையால் தாங்கி, அவ்வேரிக்கரையிலுள்ள கிராண்ட் போர்ட்டேஜ் என்னும் 8½ மைல் காட்டுப்பாதையைக் கடந்த மனிதரின் துன்பத்தை, ஒரு பொதியை அசைக்க முயன்று தோற்கும் சிறுவன், நூறு பக்கம் படித்தவனினும் நன்கறிவான்.

வேஷத்துக்கு அகப்படாதது, அத்தோலுக்குரிய உயிரைப் பற்றி இருவேறு உள்ளங்கள் எதிர்ப்பட்டமை. அந்நிலத்துப் பூர்வகுடிகளான கிரீ, ஒஜிப்வே மக்களின் முன்னோர்க்குப் பீவர், வேடன்பால் இரங்கித் தன்னையே ஈயும் ஜீவன். ஆகவே அதன் எலும்பை நாய்க்கு எறியாமல் நீரிலேயே சேர்ப்பது கடனாயிற்று. 1670-இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் சாஸனம் பெற்று மென்மயிர் வாணிகம் செய்த ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனிக்கோ அது ஐரோப்பியத் தொப்பிக்கான ரோமம். மற்றப் பண்டங்களுக்கு விலை கூறும் அளவுகோல். அப்பூர்வகுடி வேடரும் துப்பாக்கிக்காகவும் செப்புப் பாத்திரங்களுக்காகவும் தம் தேவைக்கு மிஞ்சிக் கொன்றதுண்டு. அதை மறைத்து அவர்களைப் புனிதராக்குவதும் ஒருவகை அவமதிப்பே. ஆயினும் 1820-களில் கம்பெனி அதிகாரி ஜார்ஜ் ஸிம்ப்ஸன், அமெரிக்க வேடர் மேற்கே வந்து சேராதிருக்கும்பொருட்டு ஸ்னேக் நதிப் பிரதேசத்துப் பீவரைப் பூண்டோடு ஒழிக்கத் திட்டமிட்டபோது, பசியையும் பேராசையையும்கூடக் கடந்து, வெறுமையையே அரணாக எழுப்பும் கொலை ஒன்று பிறந்தது. இதற்குப் பிராயச்சித்தம் எந்த நெறியில் உண்டு? தோலைத் தடவும் சிறுவனுக்கு அதன் மென்மைதான் தெரிகிறது.

மதிப்பிடும் பொறுப்பு என்னுடையதாயின், பாடல்களில் இரண்டைக் குறைத்து, அந்நேரத்தில் ஒஜிப்வே ஒருவரை, வேஷம் ஏதுமின்றித் தம் பெயராலேயே பேச அழைக்கும்படி நூலகத்தாரைக் கேட்பேன். துடுப்புக்காரர் மறைந்துவிட்டனர், ஒஜிப்வே மக்களோ இன்றும் சுபீரியர் ஏரிக்கரையில் வாழ்கின்றனர். அப்பொதிகள் கடந்த பாதையும் அவர்களுடைய ஒதுக்குநிலத்தின் ஊடேதான் செல்கிறது.